1729: டேலி ஆகியும் பொய் சொல்லும் எண்

ஸ்டேஷனரி மொத்த வியாபாரக் கடைகளில் இன்னமும் 'குரோஸ்' கணக்கு உண்டு. 12 பென்சில் ஒரு டஜன். 12 டஜன் ஒரு குரோஸ், அதாவது 144. பன்னிரண்டு குரோஸ் சேர்ந்தால் கிரேட் குரோஸ், அதாவது 1728. வியாபாரிக்கு ரொம்பப் பிடித்த எண் இது. 2, 3, 4, 6, 8, 9, 12, 16, 18 என்று எதால் வகுத்தாலும் மீதியில்லாமல் பிரியும். எந்தச் சைஸ் டப்பாவிலும் அழகாக அடுக்கலாம்.

அதோடு ஒரே ஒரு பென்சில் கூடுதலாக வந்துவிட்டால்? 1729. அவ்வளவுதான், டப்பாக்காரருக்குத் தலைவலி. 2-ஆல் போகாது, 3-ஆல் போகாது, 5-ஆலும் போகாது. 7-ஐ வைத்துப் பார்த்தால்தான் கொஞ்சம் அசையும்: 7 × 247. 247-ஐ உடைத்தால் 13 × 19. ஆக 1729 = 7 × 13 × 19. மூன்று பகா எண்கள், மூன்றும் வேறு வேறு.

இந்த எண்ணைப் பற்றிய கதை எல்லோருக்கும் தெரியும். ராமானுஜன் லண்டனில் பட்னி பகுதியில் நோயாளியாகப் படுத்திருக்கிறார். பேராசிரியர் ஹார்டி டாக்சி பிடித்துப் பார்க்க வருகிறார். டாக்சி நம்பர் 1729, ரொம்ப சுவாரசியமில்லாத நம்பர், கெட்ட சகுனமாக இல்லாமலிருந்தால் சரி என்கிற மாதிரி ஏதோ சொல்கிறார். படுக்கையிலிருந்தபடியே ராமானுஜன், அப்படியில்லை, இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்கிறார்.

1³ + 12³ = 1 + 1728 = 1729
9³ + 10³ = 729 + 1000 = 1729

பள்ளிக்கூடக் கணிதப் புத்தகத்திலிருந்து சினிமா வரை இந்தக் கதை வந்தாகிவிட்டது. பெரும்பாலும் இதோடு முடிந்தும் விடுகிறது. "அடேங்கப்பா, என்ன மூளை!" என்று சொல்லிவிட்டு ஆளாளுக்கு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் கதைக்குள் யாரும் கவனிக்காத ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. ராமானுஜன் இறந்த பிறகு 1921-ல் ஹார்டி எழுதிய இரங்கல் கட்டுரையில்தான் இந்தச் சம்பவம் வருகிறது. அங்கே 1729 என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 7·13·19 என்றும் போட்டிருக்கிறார். எண்ணைக் காரணிப்படுத்திப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் சுவாரசியமில்லை என்று எழுதியிருக்கிறார்!

பாவம் ஹார்டி. சுவாரசியம் முழுக்க அந்த அடைப்புக்குறிக்குள்தான் இருந்தது.

முதலில் கனங்களையே பார்ப்போம். இரண்டு கனங்களின் கூட்டலைப் பிரிக்கும் சூத்திரம் பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் ஒரு காரணி. 1-ம் 12-ம் சேர்ந்தால் 13. அப்போது 1729 = 13 × 133. 9-ம் 10-ம் சேர்ந்தால் 19. அப்போது 1729 = 19 × 91. இந்த 133 என்பது 7 × 19, 91 என்பது 7 × 13. ஆக, டாக்சி கதையின் இரண்டு கனக் கணக்குகளும் ஹார்டியின் 'சாதாரண' காரணிகளைத்தான் இரண்டு விதமாகச் சேர்த்துக் காட்டுகின்றன. ஒரே பேரேட்டின் பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் மாதிரி.

19 × 91 வந்ததும் கண் அங்கேயே நின்றிருக்கும். 19-ஐத் திருப்பிப் போட்டால் 91! அதோடு விடவில்லை. 1 + 7 + 2 + 9 = 19. இலக்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைத் திருப்பிப் போட்ட எண்ணால் பெருக்கினால் பழைய எண்ணே கிடைக்கிறது. இப்படி இருப்பவை மொத்தமே நான்கு: 1, 81, 1458, 1729. இலக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்களுக்கு ஹர்ஷத் எண்கள் என்று பெயர் வைத்தவர், மகாராஷ்டிராவில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேக்கர். சம்ஸ்கிருதத்தில் 'மகிழ்ச்சி தருவது' என்று அர்த்தம். 1729-ம் ஒரு ஹர்ஷத் எண்.

ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இலக்கங்களை வைத்துச் செய்யும் வேடிக்கை எல்லாம் மனிதனுக்குப் பத்து விரல் இருப்பதால் வந்தது. பன்னிரண்டு விரல் இருந்திருந்தால் 1729-ஐ 1001 என்று எழுதியிருப்போம் (ஒரு கிரேட் குரோஸ், பூஜ்ஜியம் குரோஸ், பூஜ்ஜியம் டஜன், ஒரு பென்சில்). அப்போது 19-ம் 91-ம் காணாமல் போயிருக்கும். 7 × 13 × 19 மட்டும் எந்த ஊரில், எத்தனை விரல் உள்ளவன் எழுதினாலும் மாறாது. எனவே அந்தப் பக்கம் போவோம்.

1640-ல் பிரான்சில் பியர் ஃபெர்மா ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். ஃபெர்மாவுக்குத் தொழில் சட்டம், கணிதம் பொழுதுபோக்கு. அந்த நண்பருக்கும் அப்படித்தான். பெயர் ஃப்ரெனிக்ள் தெ பெஸ்ஸி. பாரிஸில் நாணய விவகாரங்களைப் பார்க்கும் நீதிமன்றத்தில் அதிகாரி. கடிதத்தில் இருந்த விஷயம் இது: ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணம் 7. அதில் ஒன்று குறைத்தால் 6. இப்போது 7-ஆல் வகுபடாத எந்த எண்ணையும் ஆறு தடவை தன்னோடு பெருக்குங்கள். 2 என்றால் 64. ஒன்றைக் கழித்தால் 63. அது 7-ஆல் வகுபடும். 3 என்றால் 729. ஒன்றைக் கழித்தால் 728. அதுவும் 7-ஆல் வகுபடும். எந்தப் பகா எண்ணுக்கும் இது நடக்கும்.

இதிலிருந்து ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. ஒரு எண் பகா எண்ணா என்று சந்தேகமா? ஃபெர்மா சொன்னபடி செய்து பாருங்கள். மீதி வந்தால் அது பகா எண் இல்லை. 9-ஐப் பாருங்கள்: 2-ஐ எட்டு தடவை பெருக்கினால் 256, ஒன்று போக 255, 9-ஆல் வகுத்தால் மீதி 3. மாட்டிக்கொண்டது. காரணி எது என்று தேடவே வேண்டாம், பொய் தெரிந்துவிட்டது.

சரி, மீதி வராவிட்டால்? பகா எண்தான் என்று கையெழுத்துப் போட்டுவிடலாமா?

பி.காம். முதல் வருடம் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி வேறு வடிவத்தில் ஏற்கெனவே தெரியும். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் கணக்கில் நிச்சயம் பிழை இருக்கிறது. டேலி ஆகிவிட்டால்? பிழை இல்லை என்று அர்த்தமில்லை. விடு பிழை இருக்கலாம், விதிப் பிழை இருக்கலாம். ஓரிடத்தில் நூறு ரூபாய் கூடி இன்னோரிடத்தில் நூறு ரூபாய் குறைந்து ஒன்றையொன்று சரிக்கட்டியும் இருக்கலாம். பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வியாக வரும், எல்லோரும் எழுதிவிடுவோம். ஆனால் இரவு பதினொரு மணிக்கு இரண்டு பக்கமும் ஒரே தொகை வந்ததும் நோட்டை மூடிவிட்டுத் தூங்கப் போவதும் நாம்தான் :-)

எண்களிலும் இதே கதைதான். 341 என்று ஒரு எண். 11 × 31. ஆனால் 2-ஐ வைத்து ஃபெர்மா சோதனை செய்தால் பகா எண் மாதிரியே நடிக்கும். 3-ஐ வைத்துச் செய்தால் மாட்டிக்கொள்ளும். சரி, ஒரு எண் ஏமாற்றினால் இன்னொரு எண்ணால் பிடித்துவிடலாம் என்று நிம்மதியாக இருந்தால், அடுத்து வருகிறது பெரிய கூட்டம். தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் 'நான் பகா எண்' என்று சாதிக்கும் பகு எண்கள். இவற்றுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். அமெரிக்கரான கார்மைக்கேல் 1910-ல் இவற்றைப் பற்றி எழுதினார். அவருக்கு முன்பே, 1885-ல், ஷிமெர்கா என்ற செக் பாதிரியார் முதல் ஏழு எண்களைக் கண்டுபிடித்திருந்தார். பெயர் மட்டும் அவருக்குப் போகவில்லை. அந்த ஏழு: 561, 1105, 1729, 2465, 2821, 6601, 8911. பத்தாயிரத்துக்குள் இவ்வளவுதான்.

ஆமாம், மூன்றாவதாக நிற்பது நம்ம டாக்சி.

எப்படி இதனால் இவ்வளவு துணிச்சலாகப் பொய் சொல்ல முடிகிறது? காரணம் அந்த டப்பாவில்தான் இருக்கிறது. 7, 13, 19 மூன்றிலும் ஒன்று குறையுங்கள். 6, 12, 18. மூன்றுமே 1728-ஐ மீதியில்லாமல் வகுக்கும். 7-ஐப் பொறுத்தவரை ஆறு தடவைக்கு ஒருமுறை சுற்று முடிந்து 1-க்குத் திரும்பும். 13-க்குப் பன்னிரண்டு தடவை, 19-க்குப் பதினெட்டு. மூன்றும் ஒரே நேரத்தில் 1-க்குத் திரும்பும் இடம் 36. 1728 என்பது 36-இன் மடங்கு. எனவே சோதனை முடியும் இடத்தில் மூன்று பேரும் ஒன்றாகக் கையைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நிற்கிறார்கள். இதற்கான நிபந்தனையை 1899-லேயே கார்செல்ட் என்ற ஜெர்மானியர் எழுதிவிட்டார்.

நம்பிக்கை இல்லாவிட்டால் அக்கவுண்ட்ஸ் வகுப்புக்குக் கொண்டுபோகும் 12 இலக்கக் கால்குலேட்டரை எடுங்கள். 2-ஐ 36 தடவை பெருக்கினால் 68719476736. ஒன்றைக் கழித்து 1729-ஆல் வகுங்கள். 39745215. புள்ளியும் இல்லை, மீதியும் இல்லை.

எவ்வளவு பொய் என்பதையும் கணக்கிடலாம். 1 முதல் 1728 வரை உள்ள எண்களில் 1729-உடன் பொதுக் காரணி இல்லாதவை 6 × 12 × 18 = 1296. சரியாக நான்கில் மூன்று பங்கு. அதாவது கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண்ணை எடுத்துச் சோதித்தால், நான்கில் மூன்று தடவை 1729 தப்பித்துவிடும். இதாவது சின்ன எண், 7-ஆல் வகுத்துப் பார்த்துவிடலாம். நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்ணாக இருந்து, அதன் காரணிகளும் பிரம்மாண்டமாக இருந்தால்? பொதுக் காரணி உள்ள எண் தற்செயலாகக் கையில் சிக்கவே சிக்காது. கார்மைக்கேல் எண்கள் முடிவில்லாமல் உண்டு என்பதையும் ஆல்ஃபோர்ட், கிரான்வில், பொமரான்ஸ் மூவரும் 1994-ல் நிரூபித்துவிட்டார்கள்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆர்.எஸ்.ஏ. என்ற பூட்டு முறையில் சாவி செய்யப் பெரிய பெரிய பகா எண்கள் வேண்டும். இணையத்தில் பணம், கடவுச்சொல் எல்லாம் போய்வர இந்த மாதிரிப் பூட்டுகள்தான் காவல். அந்த எண்களைக் காரணிப்படுத்திப் பார்க்க முடியாது (முடிந்தால் பூட்டே உடைந்துவிடும்). சோதனையை நம்பித்தான் எடுக்க வேண்டும். சோதனையே ஏமாந்தால்?

அதனால்தான் நல்ல ஆடிட்டர் செய்வதையே கணிதக்காரர்களும் செய்தார்கள். கடைசித் தொகையை மட்டும் பார்க்காமல், அந்தத் தொகை எந்த வழியாக வந்தது என்று பார்ப்பது. மில்லர் 1976-லும் ராபின் 1980-லும் கொடுத்த சோதனை இது. 1729-ஐ இந்த ஆடிட்டரிடம் விட்டால் நடப்பதைப் பாருங்கள். 1728-ஐப் பாதி பாதியாக்கிக்கொண்டே போனால் 27-ல் நிற்கும். எனவே 2-ஐ 27 தடவை பெருக்கி, 1729-ஆல் வகுத்து மீதியை எடுங்கள்: 645. அதை வர்க்கமாக்கி மீதி எடுங்கள்: 1065. மறுபடி வர்க்கமாக்குங்கள்: 1134225. அது 1729 × 656-ஐவிட ஒன்றே ஒன்று அதிகம். மீதி 1.

கையும் களவுமாகப் பிடிபட்டது இங்கேதான். பகா எண்ணாக இருந்தால், வர்க்கமாக்கி மீதி 1 வர வேண்டுமென்றால் அதற்கு முந்தைய எண் 1-ஆகவோ அல்லது கடைசி எண்ணாகவோ (இங்கே 1728) இருந்தே ஆக வேண்டும். 1065 எங்கிருந்து வந்தது? 1065-ல் ஒன்று குறைத்தால் 1064 = 133 × 8. ஒன்று கூட்டினால் 1066 = 13 × 82. 133-ம் 13-ம்! டாக்சி கதையின் 1³ + 12³ கொடுத்த அதே இரண்டு காரணிகள் விசாரணையில் தாமாக வெளியே வந்து விழுகின்றன.

முன்பு 1296 எண்களை ஏமாற்றிய 1729, இந்த முறையில் 162 எண்களை மட்டுமே ஏமாற்ற முடியும். எந்தப் பகு எண்ணும் இந்தச் சோதனையில் கால் பங்குக்கு மேல் தப்ப முடியாது என்பது நிரூபணமான விஷயம். இருபது தடவை வேறு வேறு எண்களை எடுத்துச் சோதித்தால், தப்பிக்கும் வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் கீழே. (வாய்ப்பு என்ற பேச்சே இல்லாமல், நிச்சயமாகவும் வேகமாகவும் சொல்லும் முறையை 2002-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா கண்டுபிடித்தார்கள். பின்னவர்கள் இருவரும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்தார்கள். நடைமுறையில் மில்லர்-ராபின்தான் இன்னும் வேகம்.)

இப்போது ஃப்ரெனிக்ளிடம் திரும்புவோம். 1640-ல் ஃபெர்மாவின் கடிதத்தைப் பெற்றவர். 1657-ல் அதே ஃப்ரெனிக்ள், 1729-ஐ இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதலாம் என்று காட்டினார். டாக்சியே இல்லாத காலம்! ஒரே மனிதரின் மேசையில் சோதனையும் இருந்திருக்கிறது, அந்தச் சோதனையை ஏமாற்றும் எண்ணும் இருந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க இன்னும் இருநூறு வருடங்களுக்கு மேல் ஆனது.

அப்படியானால் ராமானுஜன் சொன்னது புதிதே இல்லையா என்று கேட்கலாம். இரண்டு கனம் என்ற செய்தி புதிதில்லைதான். ஆனால் அவர் அதைக் கட்டிலில் படுத்தபடி அந்த நொடியில் 'கண்டுபிடித்தார்' என்று சொல்வதில்தான் தவறு. அப்படிச் சொல்வது அவருக்குப் பெருமை சேர்ப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அவர் உழைப்பை அது மறைத்துவிடுகிறது.

அவர் யார்? கும்பகோணத்திலும் சென்னையிலும் எஃப்.ஏ. தேர்வில் கணிதம் தவிர மற்றதில் தேறாமல் போனவர். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் மாதம் முப்பது ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில் தன்னைக் கணக்குப் பிரிவு குமாஸ்தா என்றுதான் அறிமுகப்படுத்திக்கொண்டார். பகலில் துறைமுகத்தின் கணக்கு, மற்ற நேரமெல்லாம் தன் கணக்கு. காகிதத்துக்குக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றியவர்.

1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரி நூலகத்தில் ராமானுஜனின் கடைசிக் காலத்துத் தாள்களைக் கண்டெடுத்தார். 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' என்று சொல்வது அதைத்தான். 1988-ல் அச்சான பதிப்பில் 341-ஆம் பக்கத்தில் (ஆமாம், அதே 341!) 9³ + 10³ = 12³ + 1 என்ற வரி இருக்கிறது. தனியாக இல்லை, ஒரு கூட்டத்தோடு.

ஃபெர்மாவின் இன்னொரு பிரபலமான கூற்று நினைவிருக்கும். இரண்டு கனங்களைக் கூட்டினால் இன்னொரு முழு எண்ணின் கனம் ஒருபோதும் வராது. சரி, வராது. ஆனால் எவ்வளவு கிட்டே வரலாம்? 9³ + 10³ ஒரே ஒரு எண் வித்தியாசத்தில் 12³-ஐத் தவறவிடுகிறது. இப்படி ஒன்றே ஒன்று கூடியோ குறைந்தோ தவறும் ஜோடிகளை ராமானுஜன் தேடினார். தட்டுத்தடுமாறித் தேடவில்லை. மூன்று பின்னங்களை எழுதி, அவற்றைத் தொடராக விரித்தால், முடிவில்லாமல் அப்படிப்பட்ட எண்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டார். இதற்கடியில் இருக்கும் வடிவங்கள் பிற்காலத்தில் வேறொரு பெரிய துறையில் தேவைப்பட்டவை என்று 2015-ல் கென் ஓனோவும் சாரா ட்ரெபாட்-லெடரும் காட்டினார்கள். டாக்சி நம்பர் என்று ஹார்டி சொன்னபோது, ராமானுஜனுக்கு அது நாள்தோறும் பழகிய பேரேட்டின் ஒரு பதிவு.

அதனால்தான் ஹார்டி அடுத்ததாக, நான்காம் அடுக்குக்கு இப்படி உண்டா என்று கேட்டபோது, கொஞ்சம் யோசித்து, சட்டென்று தெரியவில்லை, இருந்தால் மிகப் பெரியதாக இருக்கும் என்று சொன்னார். மந்திரவாதி அப்படிச் சொல்ல மாட்டான். விடை 635318657. ஆய்லர் கண்டது: 59-ம் 158-ம் ஒரு ஜோடி, 133-ம் 134-ம் இன்னொன்று.

அனாமத்துக் கணக்கில் ஒரு ரூபாயைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கும் நண்பர்களுக்காக, அந்தப் பக்கத்தில் உள்ள மற்ற வரிகள்:

135³ + 138³ = 172³ − 1
791³ + 812³ = 1010³ − 1
11161³ + 11468³ = 14258³ + 1

முதல் இரண்டையும் 12 இலக்கக் கால்குலேட்டரில் சரிபார்த்துவிடலாம். மூன்றாவதில் விடை 13 இலக்கம், கால்குலேட்டர் கையை விரித்துவிடும். பேப்பரும் பேனாவும் எடுத்துத்தான் பெருக்க வேண்டும்.